லூர்துமேரி சொன்ன சேவல்

தொம்மலூர்ப் பழைய ஊருக்குள் ஓர் ஆட்டோ நுழைந்தால் எதிரே வரும் பைக் ஏதாவது ஒரு வாசற்படியில் ஏறி நின்றாக வேண்டும். அப்படி ஒரு சந்தில், மஞ்சுநாத் வீட்டு மாடியில், லூர்துமேரியும் அவள் கணவர் லாயிட்டும் வெகுகாலமாகக் குடியிருக்கிறார்கள். இருவருக்கும் சொந்த ஊர் கோலார் தங்கவயல். சுரங்கத்தை மூடியபின் அங்கே பிழைப்பில்லை என்று ரயிலேறி வந்தவர்கள். லாயிட் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். லூர்துமேரி இந்திராநகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ஆயாவாகச் சேர்ந்து அங்கேயே தலை நரைத்தவள்.

கர்ப்பிணிகளைக் கைபிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்கையில் ஏற்றுவது, வயிற்றில் தடவிய பசையைத் துடைத்துவிடுவது, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டு நெளிகிறவர்களை "இன்னும் ரெண்டே பேர்தாம்மா, கொஞ்சம் தாங்கிக்கோ" என்று சமாதானம் செய்வது, இவைதான் அவள் வேலை. உள்ளே சுவரில் பெரிய போர்டு தொங்கும். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டோம், கேட்பதும் குற்றம் என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்த கையோடு பலபேர் லூர்துமேரியிடம்தான் வருவார்கள். டாக்டர் வாய் திறக்கமாட்டார், ஆயா திறப்பாள் என்று ஒரு நம்பிக்கை.

ஒருமுறை பட்டுப்புடவை கட்டிய மாமியார் ஒருத்தி அவளைக் கைகழுவும் இடத்தில் மடக்கி, காதோரமாகக் கேட்டாள்: "ஏம்மா, நான் லட்டு வாங்கட்டுமா, ஜிலேபி வாங்கட்டுமா? அத மட்டும் சொல்லு."

லூர்துமேரிக்குப் புரியாமல் இல்லை. லட்டு என்றால் பையன், ஜிலேபி என்றால் பெண்.

"நீங்க எது வாங்கினாலும் எனக்கு ஒண்ணு குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் துணியை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால், அவளுக்கே தெரியாது. அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவள் அந்தத் திரையைத் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்தால் முகத்தில் ஏதாவது தெரிந்துவிடுமோ என்று பயம். அவள் மகள் மலர் தங்கவயல் ஆஸ்பத்திரியில் பிறந்தபோது, நர்ஸ் வெளியே போய்ச் சேதி சொன்னதும் மாமியார் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். குழந்தையைப் பார்க்க வந்தது ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த பிறகுதான். லாயிட்தான் வார்டு முழுக்கச் சாக்லேட் கொடுத்துக்கொண்டு திரிந்தார். மாமியார் பிற்பாடு அதே பேத்தியை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தாள் என்பது வேறு கதை. ஆனாலும் அன்று கட்டில் பக்கத்தில் மாமியாருக்காகப் போட்டுக் காலியாகவே கிடந்த ஸ்டூலை லூர்துமேரி மறக்கவில்லை. ஆணா பெண்ணா என்று யார் கேட்டாலும் அவள் முகம் துடைத்துவைத்த சிலேட்டுப் பலகை மாதிரி ஆகிவிடும்.

போன வருஷம் அந்தச் சென்டரை ஒயிட்ஃபீல்டு பக்கம் மாற்றினார்கள். அவ்வளவு தூரம் பஸ் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்காது என்று லூர்துமேரி வேலையிலிருந்து நின்றுகொண்டாள். வழியனுப்பு நாளில் கேக் வெட்டி, சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். அங்கே ரிசப்ஷனில் இருந்த ஷோபா மட்டும் தன் பங்குக்கு, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி ஒன்றைக் கையில் திணித்தாள். உள்ளே கீச் கீச்சென்று சத்தம்.

"மேரிக்கா, நீங்க வீட்ல சும்னே உக்காந்தா பைத்தியம் புடிச்சிரும். ஹொஸ்கோட்டேல எங்க அண்ணா புதுசா இன்குபேட்டர் போட்டிருக்கான். எங்கெங்கோ முட்ட வாங்கி எல்லாத்தையும் ஒண்ணா வெச்சான். எது எந்த ஜாதின்னு அவனுக்கே இப்ப கொழப்பம். நாலு குஞ்சு எடுத்துட்டு வந்தேன்."

"எல்லாம் பொட்டையா?"

கேட்டபிறகுதான், எந்தக் கேள்விக்கு இத்தனை காலம் பதில் சொல்லாமல் தட்டிக்கழித்தாளோ அதைத் தானே கேட்டுவிட்டது உறைத்தது. ஷோபாவும் அதைக் கவனித்துவிட்டாள். "இங்க நின்னு அதச் சொல்லக்கூடாது மேரிக்கா, போர்டு பாருங்க" என்று அவள் சிரிக்க, கேக் தின்றுகொண்டிருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் ஒன்று வெள்ளை, ஒன்று நல்ல கறுப்பு, இரண்டு பழுப்பு. பழுப்பில் ஒன்றுக்குக் கால் பருமன், கிரிராஜா என்கிற பெரிய ஜாதி என்று ஷோபா சொல்லியிருந்தாள். இன்னொன்று சாதாரண நாட்டுக்கோழி. லூர்துமேரி பெயர் எதுவும் யோசிக்கவில்லை. கூப்பிடக் கூப்பிட வெள்ளை, கறுப்பி, பெரியவ, சின்னவ என்று தானாக அமைந்துவிட்டது. அந்தப் பெயர்களிலேயே பாதித் தீர்ப்பு அடங்கியிருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்காரர் மஞ்சுநாத் சாயங்காலமே மாடிக்கு வந்து பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் ஒரு கண்டிஷன் வைப்பார்.

"கோழி வளக்கறது ஓகே மேரியம்மா. முட்ட குடுத்தா எங்க வீட்லயும் தின்னுவோம். ஆனா ஹுஞ்ச பேடா. சேவல் மட்டும் வேணாம். நம்ம பையன் தேஜஸ் நைட் ஷிஃப்ட் முடிச்சு விடிஞ்சாத்தான் வீட்டுக்கு வரான். அவன் படுக்கற நேரத்துக்கு இது கொக்கரக்கோன்னா பாவம் இல்லையா?"

"பாவந்தான் சார். சேவலாப் போனா ஷோபா அண்ணனே திருப்பி எடுத்துக்குவாரு. நான் மாத்தி மாத்திப் பேசமாட்டேன்" என்றாள் லூர்துமேரி.

அன்றிலிருந்து அந்தச் சந்தில் ஆளாளுக்குக் கோழி ஜோசியம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

முதலில் லாயிட். போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்துச் சிறகை விசிறி மாதிரி விரித்துப் பார்த்தார். இறகு நீளமும் குட்டையுமாக இருந்தால் பெட்டை, ஒரே அளவாக இருந்தால் சேவல் என்று கணக்கு. இரண்டு சேவல், இரண்டு பெட்டை என்று அறிவித்தார். அந்த வித்தை முட்டையைவிட்டு வெளியே வந்த அன்றைக்குத்தான், அதுவும் சில ஜாதிக்குத்தான் பலிக்கும் என்று வீடியோவின் கடைசியில் சொல்லியிருந்தார்கள். அவர் கடைசிவரை பார்க்கவில்லை.

பிறகு மஞ்சுநாத்தின் மனைவி மமதா. கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றி நூலில் கட்டிக் குஞ்சுகளின் தலைக்கு மேலே பிடித்தாள். வட்டமாகச் சுற்றினால் பெட்டையாம், நேராக ஆடினால் சேவலாம். மோதிரம் எல்லாவற்றுக்கும் வட்டமாகவே சுற்றியது. மமதாவுக்கு முட்டை மேல் இருந்த ஆசையில் கை தானாகச் சுற்றியிருக்கலாம். கோழிக்கடை சீனு ஒருநாள் மாடியேறி வந்து, குஞ்சுகளைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினான். கழுத்தை நிமிர்த்தினால் சேவல் என்றான். நாலும் நிமிர்த்தின. "இன்னாடா இது, நாலும் சேவலா?" என்று லாயிட் கேட்க, "அண்ணே, நம்ம கடைல எது வந்தாலும் ஒரே ரேட்டுதான், எனக்கு எதுக்கு அந்த வேல?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

லூர்துமேரி எதுவும் சொல்லவில்லை. காலையில் தவிடும் கேழ்வரகு மாவும் பிசைந்து வைப்பாள். தண்ணீர் மாற்றுவாள். லாயிட் ஏதோ அபார்ட்மென்ட்டில் கழற்றிப்போட்ட பழைய லிஃப்டின் கிரில் கதவைக் கொண்டுவந்து அருமையாக ஒரு கூண்டு அடித்துக்கொடுத்திருந்தார். இழுத்தால் மடங்கும், விட்டால் விரியும். வெயில் தாழ்ந்ததும் அதைத் திறந்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வானத்தில் பருந்து வட்டமிட்டால் பக்கத்தில் வைத்திருக்கும் விளக்குமாறு உடனே கைக்கு வரும்.

பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒரு ருசி வந்துவிட்டது. வெள்ளைக்கு எல்லாவற்றிலும் அவசரம். தீனிக்கு அதுதான் முதலில் ஓடும். பெரியவளுக்கு உடம்பு பெரிதே தவிரத் தைரியம் கிடையாது, காக்கை கத்தினால்கூட நாற்காலிக்கு அடியில் ஒண்டும். சின்னவள் மண்ணைக் கண்டால் விடமாட்டாள், வெந்தயக்கீரைத் தொட்டியில் புரண்டு புரண்டு பாதிக் கீரையை ஒழித்துவிட்டாள். கறுப்பிதான் சாது. லூர்துமேரி உட்கார்ந்தால் அவள் காலடியில் வந்து நிற்கும். சத்தம் போடாது, சண்டைக்குப் போகாது. சாயங்கால வெளிச்சத்தில் அதன் கழுத்தும் முதுகும் பச்சையும் நீலமுமாக மின்னுவதை அவள் ரசித்துப் பார்ப்பாள்.

ரெண்டு மாதம் தாண்டியதும் வெள்ளைக்குக் கொண்டை எழும்பத் தொடங்கியது. பழுப்பு இரண்டுக்கும் தலையில் ஒரு கோடு கிழித்த மாதிரி வெளிறிப்போய்க் கிடக்க, கறுப்பிக்கு எதுவுமே தெரியாதிருக்க, இதற்கு மட்டும் ரம்பம் மாதிரிப் பல் பல்லாகச் சிவந்துவந்தது. தாடைக்குக் கீழேயும் சிவப்பாகத் தொங்கல். ஒருநாள் செருப்புப் போடப் போன லாயிட்டின் கட்டைவிரலை அது கொத்தியும்விட்டது.

ஹோசூரில் குடும்பமாக இருக்கும் மலர் தினமும் வீடியோவில் வருவாள். அவள் பேசுவது அம்மாவோடு பாதி, கோழிகளோடு பாதி.

"எல்லாரும் சொல்லிட்டாங்க, நீ மட்டும் வாயத் தொறக்கமாட்டேங்கிற. நீதானேம்மா நாள் பூரா பாத்துக்கினு கீற? நீ இன்னா சொல்ற?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் யார் மனசும் உடையப்போவதில்லை, யாரும் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போவதில்லை. நினைக்கவே லூர்துமேரிக்கு வேடிக்கையாக இருந்தது. வெள்ளையை மடியில் தூக்கிவைத்து, கொண்டையை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"இது சேவல்" என்றாள். "மத்த மூணும் பொட்ட."

"டாக்டரே சொல்லிட்டாங்க!" என்று உள்ளேயிருந்து லாயிட் கத்தினார்.

சொன்னதும் நெஞ்சுக்குள் ஒரு ஜன்னல் திறந்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. அன்று முழுக்கத் தன்னை அறியாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். கீழே இறங்கிப் போய் மஞ்சுநாத்திடமும் அவளே சொன்னாள். வெள்ளையை அனுப்ப மனசு வரவில்லைதான். ஆனால் கூவத் தொடங்கும்முன் அனுப்புவது மரியாதை. லாயிட் அதைப் பழையபடி ஓட்டை போட்ட பெட்டியில் வைத்து, ஷோபா வேலை முடிந்து இறங்கும் பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஷோபாவின் அண்ணன் பிரசன்னா அதைத் தன் கோழிகளோடு விட்டுவிட்டதாகச் சேதி வந்தது.

மாடி கொஞ்சம் அமைதியாயிற்று. தீனித் தட்டை நோக்கி முதலில் ஓட ஆள் இல்லாமல் மற்ற மூன்றும் ஆற அமர நடந்துவந்தன. மமதா எப்போது முட்டை வரும் என்று வாரத்துக்கு இருமுறை விசாரித்தாள்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியற்காலை. லூர்துமேரி பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாடியில் துருப்பிடித்த கேட்டை யாரோ வேண்டுமென்றே மெதுவாகத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

"தண்ணி மோட்டாரு பெல்ட்டு லூசாகிருச்சு போல" என்றார் லாயிட் படுக்கையிலிருந்தே. உலகத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் அவருக்கு ஏதாவது ஒரு மெஷின்தான் ஞாபகம் வரும்.

அதற்குள் கீழே வாசலில் ஆபீஸ் வேன் வந்து நின்றது. தேஜஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான். கேட்டுக்குள் கால் வைத்தவன் அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டான். பிறகு இரண்டிரண்டு படியாக மாடியேறி வந்தான்.

"ஆன்ட்டி, கொஞ்சம் வெளிய வாங்க. உங்க கறுப்பி பாடறா."

லூர்துமேரி பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். கைப்பிடிச் சுவரின் மேல் கறுப்பி நின்றுகொண்டிருந்தது. தெருவைப் பார்த்தது. கழுத்தை நீட்டியது. ஒருகணம் எதையோ விழுங்கப் போவது மாதிரித் திணறி, தொண்டையைக் கீறிக்கொண்டு ஒரு கொக்கரக்கோவைப் பாதிவரை இழுத்து விட்டுவிட்டது. பிறகு தன் சத்தத்தைக் கேட்டுத் தானே ஆச்சரியப்பட்ட மாதிரி லூர்துமேரியைத் திரும்பிப் பார்த்தது.

"அய்யோ மாதாவே" என்றாள் லூர்துமேரி. "நீயா?"

லாயிட் லுங்கியை இறுக்கிக்கொண்டே வந்து நின்றார். "அப்ப அந்த வெள்ள? ரெண்டுமே சேவலா?"

தேஜஸ் சிரிப்பை அடக்கமுடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டான். "ஆன்ட்டி, நான் அப்பாகிட்ட சொல்லமாட்டேன். ஏசி போட்டுக் கதவ மூடினா எனக்கு ஒண்ணுமே கேக்காது. அவர் இப்ப வாக்கிங் போயிருப்பார். நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்."

"இல்லப்பா" என்றாள் லூர்துமேரி. "வேலைல இருந்தவரைக்கும் சொல்லாம சொல்லாமயே காலம் போச்சு. இத வேற மறைச்சுவெச்சுக்கினு என்னால இருக்க முடியாது. அதோட, உங்கப்பாவுக்கு வாக்கு குடுத்துக்கீறேன்."

மஞ்சுநாத் நடை முடிந்து, கையில் கொத்தமல்லிக் கட்டோடு கேட்டைத் திறந்தபோது அவள் படிக்கட்டில் காத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னாள். தன் தீர்ப்புத் தப்பாகிவிட்டது, வெள்ளையைப் போலவே கறுப்பியும் போகவேண்டும் என்றாள்.

மஞ்சுநாத் மாடியை ஒருமுறை பார்த்தார். கறுப்பி இரண்டாவது தடவை முயன்றுகொண்டிருந்தது.

"ஸ்வல்பம் சளி புடிச்சமாதிரி இருக்கு அது கொரல்" என்றார். "அவசரம் ஒண்ணும் இல்ல மேரியம்மா. ஞாயித்துக்கிழம வரைக்கும் இருக்கட்டும்."

லூர்துமேரி உடனே ஷோபாவுக்கு போன் போட்டாள். "ஷோபா, ஒரு தப்பு நடந்துபோச்சுமா" என்று ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் ஷோபா இடைமறித்தாள்.

"மேரிக்கா, நானே உங்களுக்கு போன் பண்ணணும்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சேன். உங்க சேவல் நேத்து முட்ட போட்டிருக்கு."

"இன்னாது?"

"வெள்ளையா, பெரிய முட்ட. அண்ணா அன்னைக்கே பாத்துட்டானாம், அது பொட்டன்னு. நீங்களே வேணாம்னு குடுத்துட்டீங்கன்னு நெனச்சு சும்மா இருந்துட்டான்."

லூர்துமேரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. என்ன ஆயிற்றோ என்று லாயிட் போனை வாங்கிக் கேட்டார். விஷயம் தெரிந்ததும் அவருக்கும் அதே கதி. வாழ்க்கையில் முதன்முதலாக வாய் திறந்து சொன்னாள், நாலில் இரண்டைத் தலைகீழாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் இருவரும் கறுப்பியைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். கே.ஆர்.புரத்தில் பஸ் மாறினார்கள். பெட்டிக்குள்ளிருந்து கொக் கொக்கென்று கேட்கவும் கண்டக்டர் நின்றுவிட்டார்.

"பாக்ஸ்ல ஏனு?"

"கோழி சார்" என்றார் லாயிட்.

"ஹெண்ணா, கண்டா? பொம்பளன்னா ஃப்ரீ, ஆம்பளன்னா டிக்கெட் எடுக்கணும்" என்றார் கண்டக்டர் முகத்தில் சிரிப்பே காட்டாமல். பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாத காலமல்லவா, முன் சீட்டிலிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

லாயிட் மனைவியைப் பார்த்தார்.

"ஆம்பளதாங்க" என்றாள் லூர்துமேரி அழுத்தமாக. "இந்தவாட்டி சந்தேகமே இல்ல." பெட்டிக்குள்ளிருந்து கறுப்பியும் அதை ஒத்துக்கொள்வது மாதிரி ஒரு குரல் விட, பஸ்ஸே சிரித்தது.

பிரசன்னாவின் கொட்டகை ஹொஸ்கோட்டேயைத் தாண்டி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. ஆள் நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். கறுப்பியை வெளியே எடுத்ததும் அலகைத் திறந்து காட்டினார். நாக்கு கறுப்பு. காலும் கறுப்பு. கொண்டையைத் தூக்கிக் காட்டினார். அதுவும் கறுப்பு, நல்ல பெரிய கொண்டை.

"இது கடக்நாத் ஜாதிம்மா. இதுக்குக் கொண்ட செவக்காது. நீங்க செவப்பு வருதா வருதான்னு பாத்திருப்பீங்க. கறுப்புமேல கறுப்பா வளந்தது கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது."

பிறகு கோழிகளுக்கு நடுவே இருந்த வெள்ளையைப் பிடித்துவந்தார். அதன் கொண்டை இப்போது இன்னும் வளர்ந்து, தொப்பியைச் சாய்த்து வைத்த மாதிரி ஒரு கண்ணின் மேல் சரிந்திருந்தது.

"இது லெகான். முட்டைக்குன்னே இருக்கற ஜாதி. இதுல பொட்டைக்கே இவ்ளோ கொண்ட வரும், சீக்கிரமும் வரும். சேவலா இருந்தா இது சாயாம வெறப்பா நிக்கும். ஜாதி தெரியாம கொண்டைய மட்டும் பாத்தா நானும்தான் ஏமாறுவேன், பல தடவ ஏமாந்திருக்கேன். இங்க பாருங்க." வாலுக்கு முன்னால் முதுகில் இருந்த இறகுகளை விலக்கினார். வெள்ளைக்கு அவை வெற்றிலை நுனி மாதிரி மழுங்கி வட்டமாக இருந்தன. கறுப்பிக்கு அதே இடத்தில் நீளநீளமாக, கூராக, மினுங்கிக்கொண்டு தொங்கின.

லூர்துமேரி குனிந்து இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள். சாயங்கால வெளிச்சத்தில் தான் அத்தனை நாள் ரசித்த அந்த மினுமினுப்பேதான் அடையாளம். கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு அழகு பார்த்திருக்கிறாள். வெட்கமாக இல்லை. இன்னும் நன்றாகப் பார்க்கவேண்டும் என்றுதான் தோன்றியது.

பிரசன்னாவுக்குக் கடக்நாத் சேவலால் லாபம்தான். குஞ்சு எடுக்க அவருக்கு ஒன்று தேவைப்பட்டது. கறுப்பியைக் கீழே விட்டதும், சாதுவாக அவள் காலடியில் நின்ற பிள்ளை இதுதானா என்று கேட்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு சிறகைத் தாழ்த்தி, பெட்டைகளைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போடா போ, நல்லா இரு" என்றாள் லூர்துமேரி. முதல்முறையாக அதை 'டா' போட்டுக் கூப்பிட்டாள்.

பிரசன்னா வீட்டில் கேழ்வரகுக் களி உருண்டையான முத்தையும் கீரைச்சாறும் போட்டார்கள். லாயிட் முத்தையை மெல்லாமல் விழுங்கத் தெரியாமல் திண்டாடியதை அன்று அங்கே வந்திருந்த ஷோபா போனில் படம் பிடித்தாள். வெயில் இறங்கும் நேரத்தில் வெள்ளையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்த லூர்துமேரி ஹொஸ்கோட்டே ஏரிக் காற்றில் அப்படியே தூங்கிப்போனாள். பெட்டியை லாயிட் மடியில் வைத்துக்கொண்டார்.

வெள்ளை வந்த மறுவாரமே இங்கேயும் முட்டையிடத் தொடங்கியது. ஒருநாள் விட்டாலும் ஒருநாள் நிச்சயம். கொஞ்ச நாளில் சின்னவளும், எல்லாருக்கும் கடைசியாகப் பெரியவளும் அதன் வழிக்கு வந்தார்கள். மமதா கிண்ணத்தோடு மாடிக்கு வருவாள். முட்டையை வாங்கிக்கொண்டு உடனே இறங்கமாட்டாள், இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவர்கள் அவ்வளவு பேசியதில்லை.

கோழி விஷயம் சந்தில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. அடுகோடிப் பக்கமிருந்து மமதாவின் தங்கை ஒருநாள் கூடையில் ஐந்து குஞ்சுகளைக் கொண்டுவந்தாள். அப்புறம் பக்கத்துச் சந்து ஜோசஃபின் டீச்சர் வந்தாள். லூர்துமேரி யாரையும் ஏமாற்றி அனுப்புவதில்லை. குஞ்சைக் கையில் வாங்கி, முதலில் எந்த ஜாதி என்று கேட்பாள். தெரியாது என்றால் காலின் நிறத்தைப் பார்ப்பாள், நாக்கைப் பார்ப்பாள், முதுகு இறகைப் பிரித்துப் பார்ப்பாள். பிறகு பளிச்சென்று சொல்லிவிடுவாள்: "இது பொட்ட. இது சேவல். இது இன்னும் ஒரு மாசம் போகட்டும், அப்பறம் கொண்டா."

எல்லாம் சரியாகிறது என்று சொல்லமுடியாது. ஜோசஃபின் டீச்சரின் புள்ளிக்கோழியைப் பெட்டை என்றாள், அது ஆடி மாதம் முழுக்கக் கூவித் தீர்த்தது. டீச்சர் வந்து சொன்னபோது லூர்துமேரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தப்பாப் போச்சா? போகட்டும் டீச்சர். அடுத்தத எடுத்துக்கினு வாங்க, பாக்கலாம்."

"இன்னாங்க இவ, தப்பாச் சொல்றதுக்கு இப்பிடி சந்தோசப்படறா" என்று டீச்சர் லாயிட்டிடம் முறையிட்டாள்.

அவருக்கு அந்த நேரத்தில் வேறு கவலை. படிக்கட்டு முனையில் அவர் கவிழ்க்காமல் வைத்த ஹெல்மெட்தான் இப்போது வெள்ளைக்கு முட்டையிடும் இடம். கூண்டுக்குள் வைக்கோல் போட்டுப் பார்த்தாயிற்று, மரப்பெட்டி வைத்துப் பார்த்தாயிற்று. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் பஞ்சு மெத்தைக்கு அது பழகிவிட்டது. காலை ஒன்பதரைக்கு ஏறி உட்கார்ந்தால் தன் வேலை முடியும்வரை அசையாது. கை வைத்தால் கொத்தும். லாயிட் டூல்ஸ் பையோடு படியில் உட்கார்ந்து காத்திருப்பார். அன்றைக்கும் அல்சூர் அபார்ட்மென்ட் ஒன்றிலிருந்து போன் வந்துகொண்டேயிருந்தது. நாலாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், ஆள் உள்ளே யாரும் இல்லையாம், ஆனால் சீக்கிரம் வரவேண்டுமாம்.

"வந்துக்கினே கீறேன் சார்" என்றார் லாயிட், ஹெல்மெட்டுக்குள் இருந்த சாய்ந்த சிவப்புக் கொண்டையைப் பார்த்துக்கொண்டே. "ஒரு பத்து நிமிசம். ஹெல்மெட்டு இன்னும் ரெடி ஆகல."

சமையலறையில் லூர்துமேரி அவருக்கு இன்னொரு தம்ளர் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.